வாப்பா நடந்த மலை

கொஞ்சம் நீண்ட பதிவு. இஞ்சி பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

பன்னிரண்டு வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைவேன். அதுதான் மலை. இடது பக்கம் ஒரு அம்புக்குறி, தென்மேற்குப் பருவக்காற்று. அந்தப் பக்கம் மழை, பசுமை. வலது பக்கம் "மழை ஒதுக்கு" என்று எழுதுவேன். அந்தப் பக்கம் வறட்சி. பிள்ளைகளும் அப்படியே வரைந்து புள்ளி எடுப்பார்கள்.

போன வருடம் தரம் பத்தில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், நீங்க அந்த மலைக்குள்ள போயிருக்கீங்களா?"

எங்கள் வகுப்பறை ஜன்னலால் பார்த்தால் கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் தெரியும். மாத்தளையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது காலையில் எழும்பினால் கண்ணில் படுகிற சுவர் மாதிரி. ரிவஸ்டனுக்குப் போயிருக்கிறேன்தான். வேன் பிடித்து, புரியாணிச் சட்டியோடு, காற்றில் தொப்பி பறக்கப் பறக்கப் போட்டோ எடுத்து, அஸருக்கு முன் திரும்பி வந்த பயணம். மலைக்குள்? இல்லை. பிள்ளையிடம் "இன்ஷா அல்லாஹ் போவேன்" என்று சொல்லி உட்கார வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி உட்காரவில்லை.

கல்விக் கல்லூரியில் என்னோடு படித்த இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவன் மட்டக்களப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கிறான். மற்றவன் கிண்ணியாவில் கணிதம். ஓகஸ்ட் விடுமுறையில் நான்கு நாள் என்று தீர்மானித்தோம். கண்டிப் பக்கத்தால் ஏறி, மலைத்தொடரைக் குறுக்கே நடந்து, மாத்தளைப் பக்கத்தால் வீட்டுக்கு வருவது. ஹுன்னஸ்கிரிய, டீன்ஸ்டன், கோர்பட்ஸ் கெப், மீமுரே, நாரங்கமுவ, பல்லேகம. பெயர்களை வீட்டில் வாசித்துக் காட்டியபோது வாப்பா சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்தார்.

"மீமுரேயா? நான் நடந்த ஊர் மகன்."

வாப்பா ஒரு காலத்தில் ஏலக்காய் வாங்கி விற்றவர் என்பது எனக்குத் தெரியும். எண்பதுகளின் நடுப்பகுதியில் அந்த உயர்காட்டில் ஏலம் பயிரிடுவதற்குத் தடை வந்த பிறகு, டவுனில் சின்னப் பலசரக்குக் கடை போட்டார். நான் பிறந்தது அதற்குப் பிறகு. எனக்குத் தெரிந்த வாப்பா கடை வாப்பா. மலை வாப்பாவை நான் கண்டதில்லை.

உம்மாவுக்கு வேறு பயம். "அந்தப் பக்கம் என்னத்துக்கு? திகனையால போகணும், தெல்தெனியால போகணும். தாடியோட போற, மூணு பேர், பேக்கும் தூக்கிக்கொண்டு. யாராவது ஏதாவது நினைச்சா?"

உம்மாவின் பயத்துக்கு நான் சிரிக்கவில்லை. 2018 மார்ச்சில் அந்த வீதியில் என்ன நடந்தது என்று இதை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். கண்டியிலிருந்து பஸ்ஸில் போகும்போது நானும் ஜன்னலால் பார்த்தேன். எரிந்த கடைகள் எந்த இடத்தில் இருந்தன என்று கண் தானாகவே தேடியது. இப்போது புதுப் பூச்சு, புதுப் பெயர்ப் பலகைகள். தெரியாதவன் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த வீதி நம்மிடம் ஒரு கணக்கைத் திறந்து வைத்திருக்கிறது. அது இன்னும் தீரவில்லை. அந்த நினைப்போடுதான் ஹுன்னஸ்கிரியவில் இறங்கினேன்.

முதல் நாள்

ஹுன்னஸ்கிரியவிலிருந்து லூல்வத்த வரை ஓட்டோ. அங்கிருந்து நடை. டீன்ஸ்டனில் அனுமதிச் சீட்டு எடுத்தோம். மீமுரேயைச் சேர்ந்த ஒரு தம்பி வழிகாட்டியாக வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். ரப்பர் செருப்பில் நடந்தார். நாங்கள் மூவரும் விலை கொடுத்து வாங்கிய சப்பாத்தில் வழுக்கினோம்.

முதலில் பைன் மரங்கள். வரிசை வரிசையாக, கீழே புல் பூண்டு அதிகமில்லாமல், பரீட்சை மண்டபம் மாதிரி. அதைத் தாண்டினால் கைவிட்ட தேயிலை, காடு மூடிக்கொண்டு வருகிறது. கவாத்து இல்லாமல் விட்டால் தேயிலையும் ஒரு மரமாகத்தான் வளரும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அதற்கும் மேலே போனதும் உண்மையான மலைக்காடு. வழமையாக உயர்ந்து வளர வேண்டிய மரங்கள் நம் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் நின்று, முறுகி, கிளை மடிந்து, உடம்பெல்லாம் பாசி போர்த்துக்கொண்டு நிற்கின்றன. காற்றும் மெல்லிய மண்ணும் அவற்றை வளர விடுவதில்லை. மழை பெய்யவில்லை, ஆனாலும் நாங்கள் நனைந்தோம். முகில் மரங்களுக்குள்ளால் நடந்து போகிறது. பாசி அதைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகிறது. சிங்களத்தில் இந்த மலைக்குத் தும்பர என்று பெயர். பனிமூட்டத்தை வைத்து வந்த பெயர் என்பார்கள். நக்கிள்ஸ் என்பது வெள்ளைக்காரன், பொத்திய கையின் மொழிகள் போலத் தெரிகிறது என்று வைத்த பெயர். உள்ளே போனவனுக்குப் பொருந்துவது முதலாவது பெயர்தான்.

அட்டையைப் பற்றி எழுதாவிட்டால் இந்தப் பதிவை யாரும் நம்பமாட்டீர்கள். சவர்க்காரம் பூசினோம், சித்தாலேப பூசினோம், உப்புப் பொட்டலம் கட்டினோம். கிண்ணியா நண்பன் முதல் மணித்தியாலத்தில் பதினேழு எண்ணினான். பிறகு கணித ஆசிரியரே எண்ணுவதை விட்டுவிட்டார்.

வழியில் ஒரு கிளையில் சின்ன ஓணான் ஒன்று. அதன் மூக்கு நுனியில் சிறிய இலை ஒன்றை ஒட்டி வைத்த மாதிரி ஒரு சதை. உலகத்தில் இந்த மலைத்தொடரில் மட்டும்தான் இந்த இனம் உண்டு. விஞ்ஞான நண்பன் அதன் முன்னால் பத்து நிமிடம் மூச்சு விடாமல் நின்றான். அது எங்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கொஞ்சம் தள்ளி, வழிகாட்டித் தம்பி காலால் சருகை ஒதுக்கிக் கருங்கல் வரிசை ஒன்றைக் காட்டினார். ஒரு கட்டிடத்தின் அத்திவாரம். "எனசால் வாடிய" என்றார். ஏலக்காய் காயவைக்கிற வாடி. சுற்றிவர, பெரிய மரங்களின் நிழலில், யாரும் பார்க்காமல் ஏலச் செடிகள் இன்னும் தாமாக வளர்ந்து நிற்கின்றன.

அங்கே உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டபடி தம்பி விளக்கினார், நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தச் சரிவுகளைக் கோப்பிக்காக வெட்டினார்கள். இலை நோயால் கோப்பி அழியத் தேயிலை வந்தது. எஞ்சிய உயர்காட்டுக்குள் ஏலம் போனது. ஏலத்துக்கு நிழல் வேண்டும். ஆகவே பெரிய மரத்தை விட்டுவிட்டு, கீழே உள்ள சிறு மரம், கன்று, செடி எல்லாவற்றையும் துப்புரவாக்குவார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் காடு காடாகவே தெரியும். உள்ளே போனால் கிழவர்கள் மட்டும் இருக்கிற ஊர், பிள்ளைகள் இல்லை. பெரிய மரம் விழுந்தால் இடத்துக்கு வர ஒன்றும் இல்லை. அதோடு பச்சை ஏலம் நாலைந்து கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ. அந்த ஈரத்தை எடுக்க வாடியில் இரவும் பகலும் விறகு எரியவேண்டும். விறகும் அதே காட்டிலிருந்துதான்.

அதனால்தான் தடை வந்தது. 2000ஆம் ஆண்டு இது பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனமானது. 2010இல் சிவனொளிபாத மலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி ஆகியவற்றோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. வகுப்பில் இந்த இரண்டு ஆண்டுகளையும் பாடமாக்கச் சொல்வேன். அந்தத் தடையால் கடை வைத்தவரின் மகன் நான் என்பதை ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் கல் வரிசையில் உட்கார்ந்தபோதுதான் இரண்டும் ஒரே கதை என்று எனக்கே உறைத்தது.

இரவு டீன்ஸ்டனில் தங்கினோம். காற்று கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தது. திசைகாட்டி வைத்துக் கிப்லா பார்த்து, மூவரில் இருவர் தொழ, மட்டக்களப்பு நண்பன் எங்கள் மேல் பறந்த போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள்

கோர்பட்ஸ் கெப் என்பது மலையின் வாசல். அங்கே போய் நின்றதும் எங்களுக்குப் பின்னால் வெள்ளை முகில். முன்னால், கீழே, வெயில். பள்ளத்தாக்குத் தட்டுத் தட்டாக வயல்கள், அதற்கு அந்தப் பக்கம் கூர்மையாக லக்கேகல. காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. தண்ணீரை இந்தப் பக்கம் இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு அந்தப் பக்கம் இறங்குகிற காற்று அது. பன்னிரண்டு வருடமாக நான் வரைந்த முக்கோணத்தின் உச்சிப் புள்ளியில் நின்றுகொண்டிருந்தேன்.

இறங்க இறங்க காது அடைத்துத் திறந்தது. கம்பளிச் சட்டையைக் கழற்றினோம். முறுகிய குட்டை மரங்கள் போய், நிமிர்ந்த உயர்ந்த மரங்கள் வந்தன. பிறகு கித்துள், மிளகுக் கொடி, பாக்கு, பலா. ஒரு இடத்தில் அட்டை நின்றுவிட்டது. அந்த இடத்தில் கிண்ணியா நண்பன் சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னான். வீதியால் இறங்கி மீமுரே போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. ஹீன் கங்கையில் முழங்கால் வரை இறங்கி நின்றோம். நான்கு நாளில் உடம்புக்குக் கிடைத்த மிகப் பெரிய நிஃமத் அந்தக் குளிர்ந்த தண்ணீர்தான்.

அன்று ஒரு வீட்டில் தங்கினோம். நாங்கள் ஹலால் என்று எதையும் கேட்கவில்லை. வழிகாட்டித் தம்பி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார் போல. சோறு, பலாக்கொட்டைக் கறி, பருப்பு, கீரைச் சுண்டல், மிளகாய்ச் சம்பல். பிறகு கித்துள் சக்கரையோடு பிளேன்டீ.

அந்த வீட்டில் ஒரு ஆச்சி. எண்பது வயது இருக்கும். திண்ணையில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். "மாத்தளை" என்றேன். நான் சிங்களத்தில் பேசுவதால் அவருக்குக் கதைக்க ஆசை வந்துவிட்டது. மட்டக்களப்பு நண்பனுக்குச் சிங்களம் கொஞ்சம்தான். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்தக் காலத்தில் ஊருக்குப் பாதை இல்லை, நோயாளியைத் தூக்கிக்கொண்டுதான் போவோம் என்றார். சொன்னேன். உப்பு, கருவாடு, மண்ணெண்ணெய், சீத்தைத் துணி எல்லாம் மாத்தளையிலிருந்து தவளம் மாட்டின் முதுகில் வரும் என்றார். சொன்னேன். கொண்டு வருவது தம்பி முதலாலிமார் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னேன். நண்பர்களும் சிரித்தார்கள். தம்பி என்று அவர்கள் சொல்வது நம் ஆட்களைத்தான்.

பிறகு ஆச்சி சொன்னது இது.

"அவங்க கடன் தருவாங்க. வட்டி கேக்கமாட்டாங்க. வட்டி ஹராம் என்று சொல்வாங்க. ஆனா அந்தத் தராசு வட்டி வாங்கும் மகன். நாங்க வீட்டில நிறுத்தா பத்து ராத்தல். முதலாலி நிறுத்தா ஒம்பது. ஈரம் என்று இன்னொன்று கழிப்பார். புத்தகத்தில எழுதுறது எட்டு. காட்டில மழையில நின்று அட்டை கடிக்கப் பறிச்சது நாங்க. கேட்டா அடுத்த முறை உப்பு வராது."

கோபமாகச் சொல்லவில்லை. மிளகு உதிர்த்துக்கொண்டே, பழைய மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"என்னவாம் மச்சான்?" என்று மட்டக்களப்பு நண்பன் கேட்டான்.

"ஏலக்காய்க் கதை" என்றேன்.

அதோடு மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். என் வாப்பாவும் இந்த ஊருக்கு வந்தவர் என்று ஆச்சியிடம் சொல்லவும் இல்லை. எத்தனையோ பேர் வந்திருப்பார்கள், அது வேறு யாரோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன். நித்திரை வரவில்லை.

பாடசாலையில் சரித்திரம் வரும்போது, கண்டி மன்னர் காலத்தில் பொதி மாட்டுப் போக்குவரத்துப் பகுதியான மடிகே பத்தவில் நம்மவர்கள் பொறுப்பாக இருந்தார்கள் என்று பெருமையாகச் சொல்லிக் கொடுப்போம். அது உண்மையும்கூட. அந்த மாட்டின் முதுகில் மூட்டையோடு ஒரு தராசும் தொங்கியது என்பதை மட்டும் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

மூன்றாம் நாள்

சுபஹ் தொழுதுவிட்டு வடக்குப் பக்கமாகப் புறப்பட்டோம். ஊர் மக்கள் பயன்படுத்திய பழைய ஒற்றையடிப் பாதை. வாப்பாவின் பாதையும் இதுதான். மாத்தளை, பல்லேகம, நாரங்கமுவ, மீமுரே என்று அவர் வந்தார். நாங்கள் எதிர்த்திசையில் போனோம்.

இது வேறு நாடு. லக்கேகல தலைக்கு மேலே நிற்கிறது, அண்ணாந்து பார்த்தால் பாறை மடிப்பில் மலைத்தேன் கூடுகள் கறுப்பாகத் தொங்குகின்றன. முதல் பகுதி நல்ல நிழற்காடு, ஓடைகள். பிறகு மரங்கள் விலகிவிட, எங்கள் தலைக்கு மேல் உயர்ந்த மானாப் புல். இடையிடையே நெல்லி, கடுக்காய், தான்றி. தடித்த பட்டையோடு, புல்லுக்கு நெருப்பு வந்தாலும் தப்பி நிற்கக்கூடிய மரங்கள். நேற்று முந்தநாள் பாசி சொட்டிய மலை இது என்று சொன்னால் நம்ப ஏலாது. நிலம் வெடித்துக் கிடக்கிறது. முகத்தில் அடுப்புத் திறந்த மாதிரி காற்று.

மட்டக்களப்பு நண்பன் திடீரென்று நின்றான். "டேய், இது எங்கட கச்சான்!"

அவன் சொன்னது சரி. மட்டக்களப்பில், அம்பாறையில் ஓகஸ்ட் மாதம் வாயை உலர்த்துகிற கச்சான் காற்று இதே காற்றுத்தான். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்து சூடாகி இறங்கி, கிழக்குக் கரை வரை போகிறது. அவனுடைய ஊரின் வறட்சியும் கண்டிப் பக்கத்தின் மழையும் ஒரே காற்றின் இரண்டு கை. ஒன்று கொடுக்கிறது, மற்றது அந்தச் செலவைச் சுமக்கிறது.

ஒரு நெல்லி மரத்தின் கீழே இளைப்பாறும்போது, நேற்று மொழிபெயர்க்காமல் விட்டதை இருவருக்கும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை யாரும் பேசவில்லை.

மட்டக்களப்பு நண்பன் கேட்டான்: "ஏன்டா ராத்திரி சொல்லல்ல?"

"வெக்கம்."

"உன்ர வாப்பா என்று தெரியாதே?"

"தெரியாததாலதான் வெக்கம். இல்லை என்று சொல்லவும் ஏலாது."

கிண்ணியா நண்பன் ஒரு நெல்லிக்காயைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "கேள்" என்றான். "வாப்பா ஹயாத்தோட இருக்கும்போதே கேள். எனக்குக் கேக்க ஆள் இல்லை." அவனுடைய வாப்பா 2004 சுனாமியில் போனவர். அதற்குமேல் பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அன்றிரவு நாரங்கமுவவில் வழிகாட்டித் தம்பியின் உறவினர் வீட்டில் தங்கினோம். மூவருக்கும் காலில் கொப்புளம். நல்ல நித்திரை.

நான்காம் நாள்

பல்லேகம வரை பாதி நடை, பாதி லேண்ட் மாஸ்டர். அங்கிருந்து மாத்தளை பஸ். பஸ் இலுக்கும்புரவைத் தாண்டி ஏற ஏற, நான்கு நாளில் நடந்து பார்த்ததை ஜன்னல் ஒரே மூச்சில் திருப்பிக் காட்டியது. முதலில் வெடித்த மண். பிறகு பிட்டவல பத்தன, பாறைமேல் மெல்லிசாகப் பூசிய மண்ணில் பச்சைக் கம்பளம் விரித்த புல்வெளி. மண் அவ்வளவு மெல்லிது என்பதால்தான் அங்கே காடு வளரவில்லை. இன்னும் ஏற, ரிவஸ்டனில் பஸ் முகிலுக்குள் புகுந்தது. சாரதி விளக்கைப் போட்டார். கண்ணாடியில் தண்ணீர் ஓடியது. அரை மணித்தியாலத்துக்கு முன் வியர்த்தவர்கள் இப்போது ஜன்னலை மூடினோம். ரத்தோட்டையில் இறங்கும்போது நல்ல மழை.

வீட்டில்

வாப்பா வாசலிலேயே காத்திருந்தார். "ஹீன் கங்கையில தண்ணி ஈக்கா? லக்கேகல தெரிஞ்சா? கல்லுப் பாலம் ஈக்கா?" பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டே இருந்தார். போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அந்த ஆச்சியின் வீட்டுப் படம் வந்ததும் விரலால் நிறுத்தினார்.

"இந்தப் பலா மரம் அப்பயும் ஈந்த."

நான் அப்போதுதான் கேட்டேன். ஆச்சி சொன்னதை அப்படியே சொல்லிவிட்டுக் கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. எழுபத்தெட்டு வயது மனிதர். எங்கள் ஐந்து பேரையும் அந்தக் கடையில் நின்று படிப்பித்தவர்.

வாப்பா நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"பத்துக்கு ரெண்டு வெட்டின மகன். எல்லாரும் வெட்டின. பெரிய முதலாலி எங்களுக்கும் வெட்டுவாரு. உண்மையா ஈரமும் ஈக்கும். ஆனா ரெண்டு ராத்தல் ஈரம் ஒரு நாளும் ஈக்கல்ல."

உம்மா உள்ளேயிருந்து, "இப்ப என்னத்துக்கு அந்தக் கதையெல்லாம்?" என்றார். வாப்பா பதில் சொல்லவில்லை. அன்று இஷாவுக்குப் பிறகு தனியாகக் கூப்பிட்டார். அளவை நிறுவையில் குறைப்பவர்களைப் பற்றி ஒரு தனி சூறாவே இருக்கிறது, முதஃப்பிஃபீன். அந்த சூறாவைத் தொழுகையில் இமாம் ஓதும்போதெல்லாம் தனக்கு மீமுரே ஞாபகம் வரும் என்றார். நாற்பது வருடமாக. ஒருவரிடமும் சொன்னதில்லை.

எங்கள் மௌலவியிடம் போனோம். அவர் சுற்றி வளைக்கவில்லை. அல்லாஹ்வின் ஹக்கை அல்லாஹ்விடம் கேட்கலாம், மனிதனின் ஹக்கை மனிதனிடம்தான் தீர்க்கவேண்டும். ஆள் இருந்தால் ஆளிடம், இல்லாவிட்டால் வாரிசுகளிடம், அதுவும் தெரியாவிட்டால் அவர்கள் பெயரில் நல்ல காரியத்துக்கு. வாப்பா ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து, ஞாபகத்திலிருந்து வீடு வீடாக எழுதத் தொடங்கினார். பலா மரத்து வீடு. வயல் ஓரத்து வீடு. ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடு. இருபத்தொரு வீடுகள். உம்ராவுக்கென்று சேர்த்து வைத்திருந்த காசை என் கையில் தந்தார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் தன்னுடைய பங்கையும் கொண்டுவந்து அதோடு வைத்தார்.

வழிகாட்டித் தம்பிக்கு விஷயத்தைச் சொன்னேன். பெரியவர்கள் நாலைந்து பேர்தான் இருக்கிறார்கள், மற்ற வீடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். சிலர் காசை வாங்கமாட்டார்கள் என்றும் சொன்னார். வாங்காவிட்டாலும் போகத்தான் வேண்டும். மாப்புக் கேட்பதற்கு அவர்கள் வாங்குவது நிபந்தனை இல்லை.

இதை ஏன் இவ்வளவு பேர் முன்னால் எழுதுகிறேன்? வாப்பாவிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, என் வயசு ஆக்கள் இன்னும் சில பேர் ஈக்காங்க" என்றார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திகனையில் எரித்தவனுக்கு இந்தக் கதையில் ஒரு சாக்கும் கிடையாது. தராசில் குறைந்த இரண்டு ராத்தலும் எரிந்த கடையும் ஒன்றையொன்று சரிக்கட்டுகிற கணக்குகள் இல்லை. அது நமக்கு வரவேண்டியது. நீதி கிடைக்கும்வரை கேட்போம். இது நாம் கொடுக்கவேண்டியது. இதை யாரும் வந்து நம்மிடம் கேட்கமாட்டார்கள். கேட்டால் உப்பு வராது என்று பழகிப்போனவர்கள் அவர்கள்.

மூன்றாம் தவணை தொடங்கியதும் தரம் பத்துக்குப் போய் அதே முக்கோணத்தை வரைந்தேன். அம்புக்குறி போட்டேன். மழை போட்டேன். கச்சான் போட்டேன். பிறகு முக்கோணத்தின் வலது சரிவில் ஒரு சின்ன வீடும் பலா மரமும் வரைந்தேன். கேள்வி கேட்ட பிள்ளை மறுபடியும் எழும்பியது.

"சேர், அது பரீட்சைக்கு வருமா?"

"இல்லை" என்றேன். "ஆனா வரைஞ்சு வை."

வருகிற சனிக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு வேனில் புறப்படுகிறோம். வாப்பா, நான், கொப்பி. வாப்பாவின் முழங்காலுக்கு மலைப்பாதை ஏலாது, ஆகவே ஹுன்னஸ்கிரிய வழியாக வாகனத்தில்தான். திகனையைத் தாண்டித்தான் போகவேண்டும். உம்மாவும் வருகிறேன் என்கிறார்.

அந்த ஆச்சி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. வாப்பாவுக்காகத் துஆச் செய்யுங்கள். ஆச்சியின் ஆரோக்கியத்துக்காகவும் செய்யுங்கள். சனிக்கிழமை வரை அவர் நலமாக இருக்கவேண்டும்.